சாரல் ஊரிலிருந்து செம்மணல் காட்டுக்கு... ஒரு பனிக்காலப் பயணத் திட்டம்

தென்காசிக்காரன் கேமரா வாங்கினா என்ன படம் எடுப்பான்னு யாரும் கேக்க வேண்டியதில்லை. அருவிதான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி... ஒரு ரவுண்டு முடிஞ்சா திரும்ப பேரருவி. நானும் பதினைந்து வருஷமா இதையேதான் பண்ணிட்டு இருக்கேன். ஸ்லோ ஷட்டர்ல தண்ணி பஞ்சு மாதிரி விழுற படம் மட்டும் என்கிட்ட நாலாயிரம் தேறும். வீட்ல "இது போன வருஷத்து பஞ்சா, இந்த வருஷத்து பஞ்சா?"ன்னு கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு :-)

அதனாலயோ என்னவோ, தண்ணியே இல்லாத ஒரு இடத்தைப் படம் எடுக்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. வெறும் மணல், வானம், நிழல். அவ்வளவுதான். நாங்க மூணு பேர் கூட்டாளிங்க. நான், செங்கோட்டைல மளிகைக்கடை வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், பேங்க்ல வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர். மூணு வருஷமா எங்க பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். ராஜஸ்தான். ஜெய்சல்மேர் பக்கம் இருக்கிற பாலைவன தேசியப் பூங்கா. போனா டிசம்பர், ஜனவரிலதான் போகணும். மத்த மாசத்துல நம்மளை வறுத்து எடுத்துரும்.

பூங்காவைப் பத்தி ரெண்டு வார்த்தை. 1980ல் அறிவிச்சாங்க. ஜெய்சல்மேர், பார்மேர்னு ரெண்டு மாவட்டத்துல 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. மணல்மேடு அதுல கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பாறைத் தரையும் புல்வெளியும் முள்ளும்தான். சிங்காரா மான், பாலைவன நரி, குளிர்காலத்துக்கு வந்து சேர்ற கழுகு வகைகள்னு நிறைய இருக்கு. ஜெய்சல்மேர்ல இருந்து பதினேழு கிலோமீட்டர்ல அகல்னு ஒரு இடம். பல கோடி வருஷத்துக்கு முன்னால நின்ன மரங்கள் கல்லாகிக் கிடக்கு. அதையும் லிஸ்ட்ல சேர்த்திருந்தோம்.

ஆனா எங்க மூணு பேருக்கும் உண்மையான இழுப்பு ஒரு பறவை. கானமயில். ஆளோட இடுப்பு உயரத்துக்கு நிக்கும், ஆண் பறவை பதினைந்து கிலோ வரைக்கும் வரும். ஒரு காலத்துல நம்ம தமிழ்நாட்டு வறண்ட பூமி வரைக்கும் இருந்த பறவை. இப்போ காட்டுல மிச்சம் இருக்கிறது 150க்கும் குறைவுன்னுதான் சில வருஷமாவே மதிப்பிடறாங்க. அதுலயும் பெரும்பாலும் ஜெய்சல்மேர் மாவட்டத்துலதான். வேட்டை ஒரு காரணம், புல்வெளி போனது ஒரு காரணம். இப்போ பெரிய காரணம் மின்கம்பி. இந்தப் பறவைக்குக் கண் ரெண்டும் பக்கவாட்டுல இருக்கு. பக்கம் நல்லா தெரியும், நேர் எதிர்ல இருக்கிறது சரியா தெரியாது. கனமான உடம்பு வேற, சட்டுனு திரும்ப முடியாது. கம்பியில மோதி விழுந்துருது. சோலார், காத்தாலை மின்சாரத்தைக் கொண்டுபோற கம்பிகள் அந்தப் பக்கம் ஏராளம். 2021 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் திருத்தி நிபுணர் குழு ஒண்ணு போட்டது. இன்னொரு பக்கம் முட்டை பொரிக்க வச்சு வளர்க்கிற மையங்கள் நடக்குது. 2024 அக்டோபர்ல செயற்கை கருவூட்டல் மூலமா ஒரு குஞ்சு பிறந்திருக்கு. நல்ல செய்திதான். இருந்தாலும் "பார்க்கணும்னா சீக்கிரம் பார்த்துரணும்"ங்கிற பதற்றம் எங்க மூணு பேருக்கும் உண்டு.

சரி, எப்படிப் போறது? தென்காசில இருந்து காரிலேயே போனா ஒரு வழிக்கே 2,500 கிலோமீட்டருக்கு மேல. எங்க அண்ணாச்சி காரிலேயே போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. "வழியில பார்டர் பரோட்டா கிடைக்காதே அண்ணாச்சி"ன்னு கேட்டேன். "பத்து நாள் தின்னாம இருந்தா செத்தா போயிருவோம்?"னாரு. போக நாலு நாள், வர நாலு நாள், அங்கே நாலு நாள். கடையைப் பன்னிரண்டு நாள் சாத்தணும், பேங்க் நண்பருக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. ரயில், விமானம், ஜோத்பூர்ல வாடகை கார்னு கூட்டிப் பார்த்தா தலைக்கு நாற்பத்தஞ்சாயிரம் வந்தது. முதல் வருஷம் அண்ணாச்சி மக கல்யாணம். ரெண்டாவது வருஷம் என் மகனுக்குப் பரிட்சை. இந்த வருஷம் ஒரு தடையும் இல்லை, காசும் தயார், லீவும் தயார்.

அப்பதான் எங்க அப்பா விஷயம் வந்தது.

அப்பாவுக்கு வயசு எழுபத்தெட்டு. கண்ல நீர் அழுத்தம், குளுக்கோமான்னு சொல்றாங்களே அது. இடது கண் ஏறக்குறைய போயிடுச்சு. வலது கண்ல நடுவுல மட்டும் தெரியுது, சுத்திலும் மங்கல். தினமும் சொட்டு மருந்து போடறோம். மருந்து இருக்கிறதைக் காப்பாத்தத்தான், போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க. இருக்கிறது எத்தனை நாளைக்குன்னு அவங்களாலயும் சொல்ல முடியலை.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது ராஜஸ்தான் படங்களை மொபைல்ல வீட்ல எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தேன். அப்பா போனை வாங்கி, மூக்குக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. "என்னல இது, தேரியா?"ன்னாரு. "இல்லப்பா, ராஜஸ்தான்"னேன். "நிறம் பத்தலையே. நம்ம தேரி இதைவிட செவப்புல்லா இருக்கும்"னு சொல்லிட்டு போனைக் கொடுத்துட்டு சாப்பாட்டைத் தொடர்ந்தாரு.

எங்க அப்பாவுக்குப் பூர்வீகம் காயாமொழி பக்கம். தேரிக்காட்டை ஒட்டின ஒரு சின்ன ஊர். பதினாலு வயசுல தென்காசிக்கு ஒரு கடைல வேலைக்கு வந்தவரு, அப்படியே இங்கே தங்கிட்டாரு. தேரி ஊர்கள்ல இருந்து இப்படிக் கடை வேலைக்குக் கிளம்பிப் போனவங்க மெட்ராஸ், பம்பாய் வரைக்கும் இருக்காங்க. மணல்ல பனையைத் தவிர பெருசா எதுவும் விளையாது. வேற என்ன பண்ணுவாங்க? நான் சின்ன வயசுல கோயில் கொடைக்கு ரெண்டு மூணு தடவை போயிருக்கேன். அப்புறம் பாட்டி போனதோட போக்குவரத்தும் போச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கானமயிலுக்கு நேரா தெரியாது, பக்கம் தெரியும். அப்பாவுக்கு நேரா தெரியுது, பக்கம் போயிடுச்சு. ரெண்டு பேருமே நான் சௌகரியப்படற வரைக்கும் காத்திருக்கப் போறதில்லை. காசும் லீவும் ஒண்ணுக்குத்தான் இருக்கு.

மறுநாள்ல இருந்து தேரியைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, 2,500 கிலோமீட்டர் தாண்டித் தேடினது 120 கிலோமீட்டர்ல கிடக்குதேன்னு ஆயிடுச்சு. இவ்வளவு நாளா இதைக் கோயில் கொடைக்குப் போற ஊராத்தான் பார்த்திருக்கோம், கேமராவோட பார்த்ததில்லை.

கவனிச்சீங்கன்னா நம்ம குற்றாலமும் தேரியும் அண்ணன் தம்பி மாதிரி. ரெண்டையும் பண்றது ஒரே காத்து. தென்மேற்குப் பருவக்காத்து கேரளாவுல மழையைக் கொட்டிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியா எட்டிப் பார்க்கும்போது மிச்சம் இருக்கிற ஈரத்தைத்தான் நாம சாரல்னு சொல்றோம். அதே காத்து தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா நுழையும்போது ஈரம் போய் வறண்ட காத்தா ஆயிடுது. முப்பந்தல்ல காத்தாலையைச் சுத்திட்டு, நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை வாரிக்கிட்டுப் போய் கடலோரத்துல கொட்டுது. அப்படிச் சேர்ந்ததுதான் தேரின்னு புவியியல்காரங்க சொல்ற ஒரு விளக்கம். மணல் ஒவ்வொண்ணு மேலயும் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கு, அதான் அந்தச் சிவப்பு. ஆனியிலயும் ஆடியிலயும் இங்கே நாம துண்டைக் கட்டிக்கிட்டு அருவியில நிக்கும்போது, அங்கே அதே காத்துல மணல் பறந்துட்டு இருக்கும்.

இன்னொரு விஷயமும் கிடைச்சது. 1956ல் ஸாய்னர், ஆல்ச்சின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தேரிகள்ல கிடைச்ச நுண்கற்கருவிகளைப் பத்தி எழுதியிருக்காங்க. நகம் அளவு கல்லைக் கூர்மையா உடைச்சு ஆயுதமா வச்சிருந்த ஆட்கள் அங்கே வாழ்ந்திருக்காங்க. நம்ம ஆளுங்க பாலையைத் தனி நிலமாவே சொல்லலை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு போனா பாலைன்னு சிலப்பதிகாரம் சொல்லுது. பாலைக்கு வேனில் காலத்தோட பின்பனிக் காலமும் உரியதுன்னு தொல்காப்பியம் சொல்லுது. மாசியும் பங்குனியும்தான் பின்பனி. நாங்க தையிலயே கிளம்பறோம், இலக்கணத்தை ஒரு மாசம் முந்திடறோம், மன்னிச்சுக்கோங்க :-)

சும்மா கிடக்கிற பூமின்னு நினைச்சா அதுவும் இல்லை. சாத்தான்குளம் பக்கத்து மணல்ல இருக்கிற இல்மனைட்டுக்காக 2007ல் டாடா டைட்டானியம் திட்டம் பேசப்பட்டு, ஜனங்க எதிர்ப்பால நின்னு போச்சு. குலசேகரப்பட்டினத்துல இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டியாச்சு. மணல் நகராம இருக்க வனத்துறை நட்ட கொல்லாமரமும் வேலமும் பல இடத்துல காடாவே ஆயிடுச்சு. அப்பா சொல்ற, கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் மணல்ங்கிற தேரி ஏற்கனவே பாதி இல்லை. மிச்சமும் இதே மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது.

கூட்டாளிங்ககிட்ட சொன்னேன். பேங்க் நண்பர் உடனே சரின்னுட்டாரு (பாதி செலவுங்கிறது ஒரு காரணமா இருக்கலாம்). அண்ணாச்சிக்குத்தான் முகம் சுருங்கிடுச்சு. "மூணு வருஷமா சொல்லிட்டு, கடைசில திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறீரு?" நியாயமான கோபம். அவருக்கும் அறுபது ஆகப்போகுது, முட்டிவலி. அடுத்த வருஷம் எப்படியோ? அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அப்பா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மாமாவுக்கு உக்கார ஒரு மடக்கு நாற்காலி நான் எடுத்துட்டு வாரேன்"னாரு. அதுதான் அவரோட சம்மதம்.

இனி திட்டம். வெளிச்சக் கணக்கில இருந்து ஆரம்பிக்கறேன்.

ஜெய்சல்மேர்ல டிசம்பர் கடைசில உச்சிவேளைக்கே சூரியன் 40 டிகிரி உயரத்துலதான் நிக்கும். அதனால பகல் பூராவும் நிழல் நீளமா விழும், எப்ப வேணா எடுக்கலாம். நம்ம பக்கம் அப்படி இல்லை. அதே நாள் திருச்செந்தூர்ல உச்சிவேளைக்கு 58 டிகிரி. மணல் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாத் தெரியும். அதனால காலைல உதயத்துல இருந்து ஒண்ணரை மணி நேரம், சாயங்காலம் அஸ்தமனத்துக்கு முன்னால ஒண்ணரை மணி நேரம். அவ்வளவுதான் நமக்கு. ஜனவரி முதல் வாரத்துல அங்கே உதயம் 6:33 வாக்கில், அஸ்தமனம் 6:12 வாக்கில். நடுப்பகல் முழுக்க ஓய்வு. அப்பாவுக்கும் அதுதான் நல்லது. "பத்து மணிக்கு மேல மண்ணுல காலை வைக்க முடியாதுல"ன்னு அவரே எச்சரிச்சுட்டாரு.

ஏன் தை? ஆடில காத்து சுழட்டும்போதுதான் மணல்ல வரி வரியா அழகா விழும், ஆனா அப்போ கண்ணும் கேமராவும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகைல மழை. தையில காத்து அடங்கியிருக்கும், மழையில தூசி கழுவின வானம் நீலமா இருக்கும், சுனைகள்ல தண்ணி இருக்கும். சிவப்புக்கு மேல நீலம், நடுவுல ஒத்தைப் பனை. அந்தப் படம் இப்பவே மனசுக்குள்ள எடுத்தாச்சு.

தேதி: தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் ரோடு பூரா பாதயாத்திரை பக்தர்கள், ரூம் கிடைக்காது. தை அமாவாசை அன்னிக்குக் கடற்கரைல தர்ப்பணக் கூட்டம். அதனால அமாவாசை கழிஞ்சு ரெண்டு நாள் தள்ளி. ராத்திரி வானமும் இருட்டா இருக்கும்.

முதல் நாள்: விடியக்காலை நாலரைக்குத் தென்காசில கிளம்பி ஆலங்குளம், திருநெல்வேலி தாண்டி வல்லநாடு. வெளிமான் சரணாலயம், 1987ல் வந்தது, 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவுல வெளிமான் இயற்கையா வாழற தெற்குக் கோடி இதுதான். கானமயில் கிடைக்காட்டியும் வெளிமானாவது கிடைக்கட்டும். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் வழியா திருச்செந்தூர். சாப்பிட்டுத் தூங்கிட்டு, சாயங்காலம் நாலரைக்குக் குதிரைமொழித் தேரி.

ரெண்டாம் நாள்: உதயம் மறுபடியும் தேரியில. அப்புறம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுத்திலும் செம்மணல், நடுவுல சுனை. அப்பா கண்டிப்பா போகணும்னு சொன்ன ஒரே இடம் இதுதான். சாயங்காலம் மணப்பாடு, 1581ல் கட்டின திருச்சிலுவைக் கோயில் நிக்கிற மணல் குன்று. ராத்திரி தேரிக்குள்ள தங்கற யோசனை இல்லை, அது காப்புக்காடு. நட்சத்திரப் படம் மணப்பாடு கடற்கரைலதான். பால்வெளியோட பிரகாசமான நடுப்பகுதி தையில் ராத்திரி தெரியாது, அதுக்குப் பங்குனி விடியக்காலம் முழிக்கணும். ஆனா தெற்கே அகத்திய நட்சத்திரம் கிட்டத்தட்ட 29 டிகிரி உயரத்துல ஜம்முனு நிக்கும். ஜெய்சல்மேர்ல இது பத்து டிகிரிதான், தரையோட தரையா இருக்கும். பொதிகை மலைக்காரங்களுக்கு அகத்தியர் கொஞ்சம் கூடுதல் சலுகை காட்டறாரு போல.

மூணாம் நாள்: திசையன்விளை வழியா இடையன்குடி (கால்டுவெல் வாழ்ந்து வேலை செஞ்ச ஊர்), அங்கிருந்து கூந்தன்குளம். 1994ல் அறிவிச்ச பறவைகள் சரணாலயம். இமயமலையைத் தாண்டிப் பறக்கிற பட்டைத்தலை வாத்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்குது. பறவைகள் பயப்படக்கூடாதுன்னு ஊர்க்காரங்க வெடி போடாம இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. திரும்பும்போது களக்காடு, அம்பாசமுத்திரம், கடையம் வழியா வீடு. செம்மணல்ல ஆரம்பிச்சு பச்சை வயல்ல முடியும்.

கேமரா விஷயம் சுருக்கமா. கூடப் போறவங்களுக்கு உதவும்:

- வொயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாதீங்க. கேமரா அந்தச் சிவப்பைத் தப்புன்னு நினைச்சு சரி பண்ணிடும். பகல் வெளிச்சம் அமைப்புல வச்சு, ரா ஃபைலா எடுக்கணும்.
- ஹிஸ்டோகிராம்ல சிவப்பு மட்டும் தனியா பார்க்கணும். மொத்தம் சரியா இருக்கிற மாதிரி காட்டும், சிவப்பு மட்டும் வெடிச்சிருக்கும்.
- மணல்ல நின்னு லென்ஸ் மாத்தவே கூடாது. ஆளுக்கு ஒரு லென்ஸ்தான். அண்ணாச்சிகிட்ட டெலி, என்கிட்ட வைடு.
- சாரலுக்காக வாங்கின பிளாஸ்டிக் உறை மணலுக்கும் ஆகும். ஊதற பம்ப் இல்லாம லென்ஸைத் துணியால துடைச்சா கீறல் நிச்சயம்.
- காரைத் தார் ரோட்டை விட்டு இறக்கக் கூடாது. இது அப்பா உத்தரவு.

ஒரு சிக்கல் மட்டும் தீரலை. சாயங்காலம் நல்ல வெளிச்சம் வர்ற நேரம்தான் அப்பாவுக்கு மோசமான நேரம். இருட்ட இருட்ட அவருக்கு ஒண்ணும் தெரியாது, மேடு பள்ளம் புரியாது. அவரைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா, படம் எடுக்கணுமா? யோசிச்சு ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். சாயங்கால ஷிப்ட் அண்ணாச்சிக்கும் பேங்க் நண்பருக்கும். அப்பாவோட நாற்காலிக்குப் பக்கத்துல நான். காலை ஷிப்ட்ல, வெயில் ஏறி வெளிச்சம் பளிச்சுனு ஆனப்புறம் அப்பாவை மணலுக்குக் கூட்டிட்டுப் போகணும். எட்டு மணில இருந்து ஒன்பதரை வரைக்கும். கேமராவுக்கு அது சுமாரான வெளிச்சம். அவர் கண்ணுக்கு அதுதான் நல்ல வெளிச்சம்.

அப்பாகிட்ட பயணத்தைப் பத்திச் சொன்னப்போ பெருசா ஒண்ணும் காட்டிக்கலை. "அங்க என்னல இருக்கு, வெறும் மண்ணு. இதுக்குப் போய் காசைக் கரியாக்குதிய"ன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு அம்மா சொன்னாங்க, பரண்ல இருந்து பழைய கருப்பட்டிக் கொட்டானை எடுத்துத் தரச் சொன்னாராம். வர்றப்போ உடன்குடிக் கருப்பட்டி வாங்கிட்டு வரவாம். பதநீர் சீசன் இன்னும் ஆரம்பிக்காதே, பழைய சரக்குதானே இருக்கும்னு கேட்டதுக்கு, "நல்ல பழைய கருப்பட்டி எந்தக் கடைல இருக்கும்னு எனக்குத் தெரியும்"னாராம். அந்தக் கடை இன்னும் இருக்கான்னு எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்துரணும்.

ராஜஸ்தான் அடுத்த வருஷம். அண்ணாச்சி முட்டியும் கானமயிலும் அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணும்.

பி.கு: காயாமொழி, குதிரைமொழிப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தா, வயசானவங்க அதிகம் நடக்காம மணல் வரைக்கும் போக வழி எந்தப் பக்கம்னு சொல்லுங்க. புண்ணியமாப் போகும். பதிலுக்கு சீசன்ல குற்றாலம் வந்தா பார்டர் பரோட்டா என் செலவு!